வாறன் என்று சொல்லாமல் போன வீரகத்தி

பரந்தன் சந்தியில் பஸ் திரும்பும்போதே முரசுமோட்டையில் நிற்கிறவர்களுக்கு வீரகத்தியின் குரல் கேட்கும் என்று சனம் சொல்லும். அவ்வளவு தூரம் கேட்டிருக்காது. ஆனால் வாய்க்காலில் முழுகிக்கொண்டிருந்த ஆட்கள் அந்தக் குரல் கேட்ட பிறகு எழும்பி, துவட்டி, உடுத்து, தெருவுக்கு வந்து பஸ்ஸைப் பிடித்தார்கள் என்பது உண்மை. "பரந்தன், முரசுமோட்டை, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு" என்று அவர் கூப்பிடும்போது ஊர்ப் பெயர்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். கடைசிப் பெயரை மட்டும் வலை வீசுவதுபோல் நீட்டி எறிவார்.

தகப்பன் வேலணையிலிருந்து வந்து இரணைமடுக் குளத்தின் கீழ் காடு வெட்டிக் காணி எடுத்தவர். வீரகத்திக்கு வயலில் மனம் ஒட்டவில்லை. தனியார் பஸ்ஸில் தொங்கத் தொடங்கி, ஐம்பத்தெட்டாம் ஆண்டு பஸ்கள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போனபோது அவரும் கூடவே போய்க் கிளிநொச்சி–முல்லைத்தீவு பாதையில் கொண்டக்டராக நிலைத்தார். வயலை மனைவி விமலேஸ்வரி பார்த்தாள். பஸ்ஸை ஓட்டியவர் முல்லைத்தீவு ஆதம்பாவா. பெரிய உடம்பு, சின்னக் குரல். வீரகத்திக்கு அவர் "நானா", அண்ணன் முறை. "கூப்பிடுறது நீ, இழுக்கிறது நான்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

குரலுக்கு அடுத்தபடியாக வீரகத்திக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சோடாப் போத்தல். புதுக்குடியிருப்புத் தேத்தண்ணிக் கடையில் பஸ் நிற்கும்போது, தகர மூடி போட்ட போத்தலை வலது கடைவாயில், கொடுப்புப் பல்லுக்குள் கொடுத்து ஒரு திருப்புத் திருப்புவார். மூடி பறக்கும். கடைக்காரர் திறப்பானை வைத்திருந்தாலும் பயணிகள் தங்கள் போத்தலை வீரகத்தியிடந்தான் நீட்டுவார்கள்.

அறுபதாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் மூடி பறக்கவில்லை. பல்தான் அசைந்தது. சேற்றில் நட்ட கட்டை அசைவதுபோல், நோவு ஒன்றும் இல்லாமல், மெல்லச் சாய்ந்து கொடுத்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது. வீரகத்தி போத்தலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "இண்டைக்கு மூடி இறுக்கம்" என்றார்.

"மூடி போன கிழமை மாதிரித்தான் கிடக்கு. உனக்குத்தான் வயசு போட்டுது" என்றார் ஆதம்பாவா.

நோகவில்லை, முகம் வீங்கவில்லை. நோகாத ஒன்றை வருத்தம் என்று எப்படிச் சொல்வது? வீரகத்தி விட்டுவிட்டிருப்பார். விமலேஸ்வரி விடவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அடுத்தடுத்திருந்த இரண்டு பற்களும் ஒன்றையொன்று கோபித்துக்கொண்டதுபோல் விலகி நின்றன. அடுத்த நாளே இருவரும் ரயிலேறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே பல் சத்திரசிகிச்சை டொக்டர் யோகநாதன் இருந்தார். மலாயாவில் பிறந்து வளர்ந்து, சீமையில் படித்து, தகப்பனின் ஊருக்கென்று வந்தவர். மெலிந்த மனிதர். எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். அவருடைய முகத்தில் தெரிந்தது பயமா சந்தோசமா என்று வீரகத்திக்கு விளங்கவில்லை.

"இதைப் பாரும். வெள்ளையாத் தெரியிறது எலும்பு. இந்தக் கறுப்பு என்ன?"

கீழ்த்தாடை அலகின் பின்பகுதியில், முளைக்காமல் படுத்துக் கிடந்த ஞானப்பல்லைச் சுற்றி, கரை வளைந்து வளைந்து போன கறுப்பு ஒன்று கிடந்தது. மாரியில் நிரம்பிய குளத்தை மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

"குளம்" என்றார் வீரகத்தி.

"குளந்தான். மற்றக் கட்டியள் பந்து மாதிரி ஊதி வெளியாலை தெரியும். இது கள்ளன். வெளியாலை தள்ளாது. அலகின்ரை நீளத்துக்கு உள்ளாலையே ஓடும். நோகாது. ஆள் கண்டுபிடிக்க முதல் பாதி அலகைத் திண்டுபோடும். இதுக்கெண்டு தனிப்பேர் வைச்சே கொஞ்ச வருசந்தான்." டொக்டர் பக்கத்து அறையிலிருந்த இளம் டொக்டர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வீரகத்தி சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு பேர் பார்க்க வந்த வாய் வேறு இல்லை.

மயக்கி, பல்லின் முரசுத் தசையை வெட்டித் திறந்து, சாய்ந்த பல்லையும் படுத்திருந்த பல்லையும் எடுத்து, கட்டியின் தோலை உரித்தெடுத்தார்கள். உள்ளே வெள்ளையாய்க் கட்டி கட்டியாய் இருந்தது. "தயிர் மாதிரி" என்றார் டொக்டர் பிறகு. தோல் வெங்காயச் சருகைவிட மெல்லியதாம். பிடித்து இழுக்க இழுக்கக் கிழிந்ததாம். "எல்லாம் எடுத்தனான் எண்டு நினைக்கிறன். சத்தியம் பண்ண மாட்டன். ஒரு சின்னக் கிழிசல் எலும்பிலை ஒட்டியிருந்தாலும் அதிலை இருந்து புதுசா வரும். பக்கத்திலை குஞ்சுக் கட்டியளும் இருக்கும், அதுவும் வளரும்."

விமலேஸ்வரி தலையை ஆட்டினாள். "வயலிலை கோரை மாதிரி. கிழங்கு ஒண்டு விட்டால் போதும்."

"அதுதான். அதாலை வருசத்துக்கொருக்கா வந்து படம் எடுக்க வேணும். நோகாட்டிலும் வரவேணும். வருவீரோ?"

வீரகத்தி பேசாமல் தலையைச் சரித்தார். டொக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அங்கேதான் பிழை நடந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லக்கூடாது. "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு இடத்தில் அதைச் சொல்லவே கூடாது. ஒன்று செத்தவீடு. மற்றது ஆஸ்பத்திரி. அங்கே "வாறன்" என்றால் திரும்பவும் அதே காரியத்துக்கு வரவேண்டி வந்துவிடும். வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டினால் பேசாமல், திரும்பிப் பாராமல் வரவேண்டும். விமலேஸ்வரி இதில் வலு இறுக்கம். டொக்டர் "வருவீரோ" என்று கேட்டதும் அவள் செய்த வேலை, புருசனின் முழங்கையைக் கிள்ளியது. மலாயாவில் வளர்ந்த டொக்டருக்கு இது ஒன்றும் தெரியாது. வாசலில் நின்று கையை ஆட்டினார். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனது அவருக்குக் கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்ததாம்.

பஸ்ஸில் வீரகத்தி தன் அலகின் கதையைப் பரந்தனில் தொடங்கினால் முல்லைத்தீவுக்கு முன்னால் வருகிற வட்டுவாகல் பாலத்தில்தான் முடிப்பார். எலும்புக்குள் குளம், முளைக்காத பல், பார்க்க வந்த டொக்டர்மார். "உள்ளுக்குள்ளை இருந்ததைச் சொல்லட்டோ? அசல் தயிர்."

உடையார்கட்டு அன்னபாக்கியத்துக்கு அது பொறுக்கவில்லை. எருமைத்தயிர்ச் சட்டிகளைக் கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள் அவள்.

"டேய் வீரகத்தி, உன்ரை வாய்க்குள்ளாலை வந்ததைச் சொல்ல வேறை சாமான் கிடைக்கேல்லையே? முந்தநாள் உன்ரை கதையைக் கேட்ட ஒரு வாத்தியார் கைநீட்டி வாங்கின சட்டியைத் திருப்பி வைச்சிட்டுப் போனார்."

"அப்ப என்னெண்டு சொல்ல, அக்கா?"

"சுண்ணாம்பெண்டு சொல்லு. நான் சுண்ணாம்பு விக்கிறேல்லை."

அன்றிலிருந்து அது சுண்ணாம்பாயிற்று.

ஒரு வருசம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. நோவில்லை. சோடாப் போத்தலை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியின் நினைப்பு வரும்போது, துண்டு வெட்டியாயிற்றே என்று தன்னையே தேற்றிக்கொள்வார். ஒரு பயணிக்கு முல்லைத்தீவுவரை டிக்கெட் துண்டு கொடுத்தால் முல்லைத்தீவில் பயணம் முடிந்தது. பிறகு அந்த ஆள் பஸ்ஸில் ஏன் இருக்க வேண்டும்?

அறுபத்துநாலாம் ஆண்டு ஆவணியில், பரந்தனில் நின்று அவர் கூப்பிட்டபோது ஊர்களில் ஒன்று தடக்கிற்று. "புதுக்குடியிருப்பு" சரியாக வரவில்லை. கீழ் உதடு வலது பக்கம் ஒத்துழைக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார். வேறு யாருடைய உதட்டையோ தொட்டதுபோல் இருந்தது.

ஆதம்பாவா கண்ணாடியில் பார்த்தார். "என்ன தம்பி, வாய்க்குள்ளை வெத்திலையோ?"

"இல்லை நானா. உதடு நித்திரை."

ஆதம்பாவா அதற்குப் பகிடி விடவில்லை. பஸ்ஸை ஓரமாக நிற்பாட்டி இறங்கி வந்து முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு நீ வேலைக்கு வந்தியெண்டால் நான் பஸ் எடுக்க மாட்டன். யாழ்ப்பாணம் போ."

டொக்டர் யோகநாதன் ஆளைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இந்த முறை கதிரையிலிருந்து எழும்பவில்லை. முன்பு பின்பக்கம் மட்டும் நின்ற குளம் இப்போது காதடியிலிருந்து நாடிப் பக்கம்வரை ஓடிக் கிடந்தது. குளக்கட்டு என்று சொல்ல, அலகின் கீழ்க்கரையில் நூல் போல் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம்.

"முட்டைக்கோது. வெறும் ஓடுதான்" என்றார் டொக்டர். "முந்திச் சொன்னீரே, அந்தச் சோடாப் போத்தல் ஒண்டைப் பல்லாலை திறந்தீரெண்டால் இரண்டா உடையும். உதட்டுக்குப் போற நரம்பையும் நெரிக்குது. நாலு வருசம், காணும். எங்கை போனீர்?"

"நோகேல்லை, ஐயா" என்றார் வீரகத்தி.

"சரி, கேளும். இரண்டு வழி இருக்கு. ஒண்டு, வலப்பக்கத்து அலகை அப்பிடியே வெட்டி எடுக்கிறது. அதோடை சரி, அநேகமாத் திரும்பாது. ஆனால் முகம் ஒரு பக்கம் இழுக்கும். கதை கொழகொழக்கும். பஸ்ஸிலை நிண்டு ஊர் கூப்பிட ஏலாது." டொக்டர் இதைச் சொல்லிவிட்டு அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தார். "மற்றது, கட்டிக்கு ஒரு சன்னல் வெட்டித் திறந்து விடுறது. மருந்துச்சீலை அடைச்சு வைச்சால் உள்ளுக்கு அமுக்கம் குறையும். எலும்பு மெல்ல மெல்ல உள்நோக்கி வளரும். சீலை மாத்த இரண்டு கிழமைக்கொருக்கா வரவேணும். அலகு தடிச்ச பிறகு மிச்சத் தோலை எடுத்து, எலும்பைப் பொசுக்கிற மருந்து பூசி விடுவன். அதுக்குப் பிறகு வருசா வருசம் படம். அலகு மிஞ்சும். குரலும் மிஞ்சும்."

"இரண்டாவது, ஐயா" என்று வீரகத்தி அவசரமாகச் சொன்னார்.

"அது வாற ஆளுக்குச் செய்யிறது. வராத ஆளுக்குச் செய்தால் அந்தச் சன்னலாலையே திரும்பவும் வளர்ந்து, பேந்து ஒரு வழியும் இராது. உம்மை நம்பலாமோ? இப்ப நீர் வீட்டை போய், வாற திங்கள் வந்து படுக்கவேணும். வருவன் எண்டு உம்மடை வாயாலை சொல்லும். சொன்னால் சன்னல். இல்லாட்டி வெட்டத்தான் வேணும்."

ஊர்ப் பெயர்களை நாள் முழுக்கக் கத்துகிற வாய் பூட்டிக்கொண்டது. வீரகத்தி மனைவியைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள். ஒரு சொல். இப்போது சொன்னால் அலகு மிஞ்சும். சொன்னால் இதே ஆஸ்பத்திரிக்கு இதே வருத்தத்தோடு ஆயுள் முழுக்க வரவேண்டும் என்று ஆகிவிடுமோ? டொக்டர் பேனையை எடுத்துவிட்டார்.

"சொல்ல மாட்டீர். எனக்கு விளங்குது" என்று எழுதத் தொடங்கினார்.

"ஐயா, எழுதாதேங்கோ" என்றாள் விமலேஸ்வரி. "அவர் வரமாட்டன் எண்டு நிக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை நிண்டு வாறன் எண்டு சொல்லுறேல்லை. சொன்னால் திரும்ப வருத்தத்தோடை வரவேண்டி வரும். அண்டைக்கு நான்தான் கிள்ளினனான்."

டொக்டரின் பேனை நின்றது. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுதானோ? அண்டைக்கு வாசலிலை நிண்டு கை காட்டினன். நீங்கள் இரண்டு பேரும் திரும்பியும் பார்க்கேல்லை."

"பார்க்கக் கூடாது, ஐயா."

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கியதும் படத்தை எடுத்து அவள் முன்னே வைத்தார். "அம்மா, நான் உங்கடை வழக்கத்திலை பிழை சொல்லேல்லை. ஆனால் இதைப் பாருங்கோ. உங்கடை மனுசன் அண்டைக்குச் சொல்லாமல் போனார். இது சொல்லிப்போட்டுத்தான் போனது. சொன்ன மாதிரியே வந்திட்டுது."

விமலேஸ்வரி அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோரை பிடுங்கிய வயலை, பிடுங்கிவிட்டோமே என்று அந்தப் போகம் முழுக்கப் பார்க்காமல் விடுகிற கமக்காரி அவளல்ல. எழும்பினாள். கைப்பையைத் தோளில் கொளுவினாள்.

"நாங்கள் போட்டு வாறம், ஐயா" என்றாள்.

வீரகத்திக்கு ஒரு கணம் காது நம்பவில்லை. பிறகு நெஞ்சுக்குள் ஏதோ மூடி பறந்ததுபோல் இருந்தது. "போட்டு வாறன்" என்றார். அது அறைக்குள் சொல்கிற சத்தத்தில் வரவில்லை. முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தத்தில் வந்தது. வெளியே வாங்குப் பலகையில் இருந்த நோயாளிகள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை சன்னல் வெட்டினார்கள். பஸ்ஸின் குலுக்கம் அலகுக்கு ஆகாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்ததால், பஸ் டிப்போவில் அவரைக் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நேரம் பார்க்கிற வேலையில் போட்டார்கள். சாப்பிட்ட பிறகெல்லாம் சின்ன ஊசிக்குழலால் உப்புத்தண்ணீர் அடித்துச் சன்னலைக் கழுவ வேண்டும். விமலேஸ்வரி சோற்றைக் குழைய வடித்தாள், முருங்கைக்காயைக் கண்ணிலே காட்டவில்லை. மருந்துச்சீலையின் நெடி பஸ் நிலையம் முழுக்க அடித்தது. அன்னபாக்கியம் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவாள். "கிளிநொச்சி வந்திட்டுதெண்டு இப்ப கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்" என்பாள். சொல்லிவிட்டு ஒரு சின்னச் சட்டித் தயிரை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். "மெல்லத் தேவையில்லை. தின்னு. சுண்ணாம்பெண்டு நினைச்சுத் தின்னு."

இரண்டு கிழமைக்கொருக்கா ரயில். ஒவ்வொரு முறையும் வெளிக்கிடும்போது "போட்டு வாறன்." மார்கழியில் புயல் அடித்துத் தெருவெல்லாம் மரம் விழுந்து ரயில் நின்றபோதுதான் எல்லாருக்கும் பயம் பிடித்தது. சீலை மாற்றும் நாள் வந்துவிட்டது. ஆதம்பாவா தெரிந்தவர் ஒருவருடைய லொறியை இரவல் வாங்கி வந்து நின்றார்.

"ஏறு. முட்டைக்கோது ஏத்திக்கொண்டு போறன் எண்டு நினைச்சு ஓட்டுறன்."

"தெரு இல்லையே, நானா."

"நீ வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனியோ, இல்லையோ?"

"ஓம்."

"அப்ப தெரு இருக்கு."

விழுந்த மரங்களை வெட்டி விலக்கிக்கொண்டிருந்தவர்களோடு தாங்களும் இறங்கிக் கொப்புகளை இழுத்து, ஆனையிறவில் தண்ணீர் வடியக் காத்து நின்று, ஒருவாறு போய்ச் சேர்ந்தார்கள். ஈரச் சாரத்தோடு வாசலில் நின்ற இருவரையும் டொக்டர் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டார்.

அறுபத்தைந்தாம் ஆண்டு வைகாசியில் எடுத்த படம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே டொக்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுபடியும் கதிரையில் இருக்க முடியாத மனிதராக மாறியிருந்தார். "பாரும், பாரும். குளம் வத்துது." நூல் போல் இருந்த கட்டு விரலளவு தடித்திருந்தது. கரையிலிருந்து வெள்ளை உள்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. விமலேஸ்வரி படத்தைக் கையில் வாங்கி, வயலைப் பார்ப்பதுபோல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஆறுதலாகப் பார்த்தாள். திரும்பவும் மயக்கித் திறந்தபோது, மிச்சத் தோல் இந்த முறை தடித்திருந்ததால் கிழியாமல் முழுசாகக் கழன்று வந்தது. குழியின் சுவரில் பழுப்பு நிற மருந்து பூசி, நரம்பை மட்டும் காத்து, மூடினார்கள்.

அடுத்த தை மாதம் திரும்பவும் பஸ் வேலையில் ஏறினார். உதடு முழுசாகத் திரும்பவில்லை. தேத்தண்ணீர் ஒழுகினால் இன்னும் தெரியாது. ஆனால் பரந்தனில் நின்று கூப்பிட்டபோது புதுக்குடியிருப்பு சறுக்காமல் வந்தது. முல்லைத்தீவை நீட்டி எறிந்தார். ஆதம்பாவா பஸ்ஸின் கோர்னை அமத்தி அமத்தி அதற்குப் பதில் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு வைகாசியும் படம். நோகவில்லை, வீங்கவில்லை, என்றாலும் போனார்கள். அறுபத்தொன்பதாம் ஆண்டுப் படத்திலும் கறுப்பு இல்லை. டொக்டர், இது பத்து வருசம் கழித்தும் வரக்கூடிய சாமான், அடுத்த வருசமும் வாரும் என்றார். வீரகத்தி வாசலில் நின்று, பழைய சத்தத்திலேயே, "போட்டு வாறன், ஐயா" என்றார்.

வாங்கில் இருந்த ஒரு மனிசி பதறிப்போனாள். "ஐயோ தம்பி, ஆஸ்பத்திரியிலை நிண்டு அப்பிடிச் சொல்லாதை. திரும்ப வரவேண்டி வரும்."

விமலேஸ்வரி நடந்துகொண்டே பதில் சொன்னாள். "இவர் வராட்டில் அது வரும், அம்மா."

ஆஸ்பத்திரிக்கு எதிரே சோடாக் கடை. வெயில் கொளுத்தியது. கடைக்காரர் போத்தலை நீட்டினார். வீரகத்தி அதை வாங்கி, மூடியை ஒருமுறை ஆசையோடு பார்த்துவிட்டு, திருப்பி அவரிடமே கொடுத்தார்.

"திறந்து தாருங்கோ" என்றார்.